எல்லைக்கு அந்தப் பக்கம் – 14. புல்வெளியில் ஒரு பலகை

டன்மில்லில், ரயில் தண்டவாளத்தை ஒட்டினாற்போல நிற்கிற அந்த மூன்று மாடிக் குடியிருப்பின் முன்னால், செவ்வாய்க்கிழமை விடிந்தபோது ஒரு பலகை நட்டிருந்தது.

நீலப் பலகை, வெள்ளை எழுத்து. ‘பிரையர்ட்டன் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடிக்கும் டெஸ்ஸா ஃபிட்ச் இந்த வீட்டுப் பெண்’ என்று தெருவில் போகிறவர்கள் எல்லாம் படிக்கிற மாதிரி. பக்கத்தில் டெஸ்ஸாவின் சிரித்த முகம்.

குப்பைப் பையோடு வெளியே வந்த நோரீனுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெற்றவள் இல்லையா. மகளின் படத்தை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். அப்புறம்தான் தான் நிற்கிற இடம் உறைத்தது.

வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அவள் கலவரம் புரியும். இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. தண்டவாளத்துக்கு மேற்கே பிரையர்ட்டன். அங்கே வீடு விற்கிறவர்கள் படுக்கையறை எத்தனை என்று சொல்வதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்வார்கள். அரசுப் பள்ளிதான், ஊரார் கட்டுகிற வீட்டு வரியில் நடப்பது, கட்டணம் கிடையாது, ஆனால் அது பிரையர்ட்டனில் குடியிருக்கிறவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும்; வெளியூர்ப் பிள்ளை என்றால் பெரிய தொகை கட்ட வேண்டும். கிழக்கே டன்மில். அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பேரைச் சொல்லி யாரும் வீடு விற்பதில்லை.

விவாகரத்தாகி டன்மில்லுக்குக் குடிவந்த நோரீன், பிரையர்ட்டனில் லார்க்ஸ்பர் சந்தில் இருக்கிற அக்கா பாலெட்டின் வீட்டு விலாசத்தைக் கொடுத்து மகளை அந்தப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். நாலு வருஷம் ஓடிவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் பட்டமளிப்பு. இப்போது பிடிபட்டால் டெஸ்ஸாவைப் பள்ளியிலிருந்து எடுத்துவிடுவார்கள். சான்றிதழ் இல்லை, அதை நம்பிக் கொடுத்த கல்லூரி இடமும் இல்லை.

பாலெட் மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் மறுமணம் செய்துகொண்டாள். புருஷன் வெண்டெல் ஸ்ட்ராட், பாலங்களைச் சோதிக்கிற பொறியாளர், பள்ளி வாரியத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர். வெளியூர்ப் பிள்ளைக்கு உண்டான கட்டணத்தைக் கட்டித்தான் நோரீன் மகளைப் படிக்கவைக்கிறாள் என்று பெண்டாட்டி சொன்னதை அப்படியே நம்பியவர். கஷ்டத்திலும் நேர்மை என்று கொழுந்தியாளை நாலு பேர் முன்னால் மெச்சியும் இருக்கிறார். இன்று மாலை வாரியக் கூட்டத்தில் அவர் கொண்டுவரப் போகிற தீர்மானத்தைப் போன வாரமே பார்த்தோம். விலாசத்தில் பொய் சொன்ன பிள்ளை, கடைசி வருஷமே ஆனாலும், அன்றைக்கே வெளியே.

நோரீன் பலகையைப் பிடுங்கினாள். சுலபத்தில் வரவில்லை, கம்பிக் கால் இரண்டும் ஈர மண்ணில் நன்றாக இறங்கியிருந்தன. பைஜாமாவும் ரப்பர் செருப்புமாக நின்று ஆட்டி ஆட்டி இழுத்தாள். ஒரு கார் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.

உள்ளே டெஸ்ஸா நின்றபடியே ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவித் தின்றுகொண்டிருந்தாள். பலகையைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்தினாள்.

“யாரும்மா இதை இங்க நட்டது?”

“க்வென்னாத்தான் இருக்கும். நம்ம வீடு தெரிஞ்ச ஒரே ஆள் அவதானே.”

வருஷா வருஷம் மே மாதத்தில் பெற்றோர் சங்கத்து அம்மாக்கள் இதைச் செய்வார்கள். பள்ளியை முடிக்கிற ஒவ்வொரு பிள்ளை வீட்டு வாசலிலும், வீட்டார் எழுந்திருப்பதற்கு முன்னால் போய் நட்டுவிட்டு வந்துவிடுவார்கள். விடிந்ததும் ஊரே நீலமாக இருக்கும். எந்தத் தெருவில் எத்தனை பலகை என்று நடைப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள்.

“படம் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் டெஸ்ஸா.

“வாயை மூடிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பு.”

சொல்லிவிட்டு உடனே வருத்தப்பட்டாள். இந்த மூன்று வாரம் மகளிடம் ஒரு கடும் சொல் பேசக் கூடாது என்று வைத்திருந்தாள். பட்டமளிப்புக்கு மறுநாளே டெஸ்ஸா மெய்ன் மாநிலத்தில் ஒரு ஏரிக்கரை முகாமுக்குக் கோடை வேலைக்குப் போகிறாள். அங்கிருந்து நேரே கல்லூரி. ஆகமொத்தம் இந்த மூன்று வாரம்தான் தாயும் மகளும் ஒரு வீட்டில் இருக்கப் போகிறார்கள். கண் மருத்துவமனை வரவேற்பு மேஜையில் சாயங்கால முறை எல்லாவற்றையும் மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு ராத்திரிக்கும் என்ன சமைப்பது என்பது வரை நோரீன் யோசித்து வைத்திருந்தாள்.

பாலெட் போன் செய்தபோது மணி எட்டுகூட ஆகவில்லை.

“ஊர்ப் பக்கத்துல பார்த்தியா?”

பிரையர்ட்டன் பெற்றோர்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. தொலைந்த பூனையிலிருந்து கணக்கு வாத்தியார் வரை எல்லாம் அதில் அலசப்படும். பலகையின் படம் அதில் ஏறிவிட்டிருந்தது. பின்னால் ரயில் சிக்னல் தெளிவாகத் தெரிந்தது.

‘நம்ம ஊர் எப்ப தண்டவாளத்தைத் தாண்டிச்சு?’ என்று ஒருவர். ‘ரயிலேறிப் போய் நட்டுட்டு வந்தாங்க போல’ என்று இன்னொருவர். ‘வீட்டு வரி எதுக்கு ஏறுதுன்னு இப்பப் புரியுது’ என்று மூன்றாமவர்.

“பார்த்தேன். பலகையைப் பிடுங்கிட்டேன்,” என்றாள் நோரீன்.

“இன்னும் கீழ போய்ப் படி. என் வீட்டுக்காரர் பதில் போட்டிருக்கார்.”

போட்டிருந்தார், தன் முழுப் பெயரோடு. ‘இந்தக் குடும்பத்தை நான் நேரில் அறிவேன். வெளியூரார் செலுத்த வேண்டிய கட்டணத்தை முறையாகச் செலுத்திப் படிக்கவைக்கிறார்கள். உழைக்கும் ஒரு தாயைக் கிண்டல் செய்வதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.’

நோரீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மனுஷன் அவளுக்காகப் பரிந்து பேசியே அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருந்தார்.

“விசாரிச்சுக்கங்கன்னு வேற எழுதியிருக்காரே, அக்கா.”

“எவனாவது விசாரிப்பான்டீ. கட்டணம் எங்கன்னு பார்ப்பான். இருக்காது. விலாசம் என்னன்னு பார்ப்பான். என் வீடு இருக்கும்.”

“நீ அன்னிக்கே அவர்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா டெஸ்ஸா அன்னிக்கே வெளிய. அந்த ஆளு ஆளில்லாத ரோட்டுலகூட வேக அளவைத் தாண்டாத ஜாதி.”

அடுத்தபடி நோரீன் பெற்றோர் சங்கத்து க்வென் மார்ஷுக்குப் போன் போட்டாள். நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றுதான் போட்டாள்.

“நான் என்ன தப்பு பண்ணேன், நோரீன்?” என்றாள் க்வென். “ஓட்டப் பயிற்சி முடிஞ்சா அவளை அங்கதானே இறக்கிவிடுறேன். சங்கத்துல எனக்குக் கொடுத்த விலாசம் லார்க்ஸ்பர் சந்துன்னு இருந்துச்சு. பழசு போலன்னு நானே மாத்திட்டேன். புள்ள தன் வாசல்ல தன் பேரைப் பார்க்கட்டுமேன்னுதான்.”

“சரி, விடு,” என்றாள் நோரீன். வேறென்ன சொல்வது. நாலு வருஷமாக மகளை வீடு கொண்டுவந்து சேர்த்த மனுஷி.

பகல் பன்னிரண்டுக்கு பாலெட்டிடமிருந்து மறுபடியும் போன். வசிப்பிடம் சரிபார்க்கிற அலுவலர் லைல் டூலி மூன்றரைக்கு வருகிறாராம். பெண்ணின் அறையைப் பார்க்க வேண்டுமாம். பெண்ணையும் பார்க்க வேண்டுமாம்.

“வெண்டெல்?” என்றாள் நோரீன்.

“ஏதோ பாலத்துக்கு அடியில நிக்கிறார். கூட்டத்துக்கு நேரா அங்கேருந்தே போயிடுவார். நீ உடனே கிளம்பி வா. பலகையையும் எடுத்துக்க.”

மருத்துவமனையில் பல் வலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், மகளின் துணிகளையும் பலகையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பலகை காருக்குள் அடங்கவில்லை. ஜன்னல் வழியாக அதன் கம்பிக் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, தண்டவாளத்தைத் தாண்டி, பிரையர்ட்டன் கடைத்தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போனாள். யாரும் பார்க்காமல் இருக்க வேறு வழி இருந்திருக்கும். பதற்றத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

லார்க்ஸ்பர் சந்தில் ஏற்கனவே நாலு வீட்டில் நீலப் பலகை நின்றது. பாலெட்டின் புல்வெளியில் ஐந்தாவதை நட்டு, செருப்புக் காலால் மண்ணை மிதித்துவிட்டாள்.

மாடியில் விருந்தாளி அறை என்று பெயர், உள்ளே வெண்டெலின் துடுப்புப் பயிற்சி இயந்திரம். அக்காவும் தங்கையுமாக அதை இழுத்து அடுத்த அறைக்குள் தள்ளினார்கள். கட்டிலுக்குப் புது விரிப்பு. நோரீன் கொண்டுவந்திருந்த துணிகளை அலமாரியில் மாட்டினார்கள். ஓட்டப் பந்தயப் பதக்கம் இரண்டை ஜன்னலில் தொங்கவிட்டார்கள்.

“ரொம்ப சுத்தமா இருக்கே, அக்கா. பதினேழு வயசுப் பொண்ணு ரூம் மாதிரி இல்ல.”

“கலைச்சுப் போடவா?”

“வேண்டாம், நேரமில்ல. டெஸ்ஸாவுக்குச் சொல்லிட்டேன், ஸ்கூல் விட்டதும் நேரா இங்க வந்துடுவா.”

எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக இரண்டு பேரும் நினைத்தார்கள்.

லைல் டூலி ஓய்வுபெற்ற போலீஸ்காரர். முட்டி வலி. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று ஏறினார். அறையை எட்டிப் பார்த்தார், கட்டிலைத் தொடவில்லை, அலமாரியைத் திறக்கவில்லை.

“பொண்ணு நல்லா வச்சிருக்கே ரூமை. என் பேத்தி ரூம்ல கால் வைக்க முடியாது.”

“சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கேன்,” என்றாள் பாலெட்.

“நீங்க பெரியம்மா. இவங்க அம்மா. அம்மா டன்மில்ல, பொண்ணு இங்க. அப்படித்தானே?”

“எனக்கு வேலை நேரம் முன்னப் பின்ன இருக்கும்,” என்றாள் நோரீன். “அதனால அவ அக்காகிட்டயே வளர்றா.”

சொல்லும்போது நாக்கு கூசியது. டூலி தலையை மட்டும் ஆட்டினார். சமையலறையில் உட்கார்ந்து காபியை வாங்கிக்கொண்டு, மழை பெய்கிறதா இல்லையா என்று ஊர்க்கதை பேசினார். அவருக்கு அவசரமே இல்லை.

மூன்றே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது.

பாலெட் போய்க் கதவைத் திறந்தாள். முதுகில் பையோடு டெஸ்ஸா நின்றிருந்தாள்.

“ஹாய் பெரியம்மா,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மிதியடியில் நன்றாகத் துடைத்தாள். விருந்தாளிப் பெண்கள் அப்படித்தான் துடைப்பார்கள்.

டூலி காபிக் கோப்பையை மேஜைமேல் வைத்தார். எழுந்து வாசலுக்கு வந்தார். நோரீனும் பின்னாலேயே வந்தாள்.

“வீட்டுப் பொண்ணு மணி அடிச்சுட்டா வரும்?” என்றார், கோபமில்லாமல்.

“சாவியைத் தொலைச்சுட்டா,” என்றாள் பாலெட் சட்டென்று. “போன வாரம். தொலைக்கிறதே வேலை இவளுக்கு.”

டூலி கதவைப் பார்த்தார். பிறகு பாலெட்டைப் பார்த்தார்.

“மேடம், இந்தக் கதவுல சாவி போட ஓட்டையே இல்லையே.”

இல்லைதான். வெண்டெல் குடிவந்த முதல் வருஷமே பழைய பூட்டை எடுத்துவிட்டு, எண் அமுக்கித் திறக்கிற பூட்டைப் போட்டிருந்தார். பாலெட் தினமும் நாலு தடவை அமுக்குகிற பூட்டு. திருதிருவென்று விழித்தாள்.

“பரவாயில்ல,” என்றார் டூலி. “நீ கதவைச் சாத்திட்டு வெளிய நில்லும்மா. நம்பரைப் போட்டுத் திறந்துட்டு வா. எனக்கு அது போதும்.”

டெஸ்ஸா அம்மாவைப் பார்த்தாள். நோரீனுக்கே அந்த எண் தெரியாது. எப்போது வந்தாலும் அக்காதான் திறப்பாள்.

“என்ன நடக்குது இங்க?”

டெஸ்ஸாவுக்குப் பின்னால் படியில் வெண்டெல் நின்றிருந்தார். கையில் சலவைக் கடையிலிருந்து வாங்கின கோட்டு, காலணியில் ஆற்றுச் சேறு. கோட்டு மாற்றிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறார். வரும் வழியில் தன் புல்வெளியில் இருந்த பலகையையும் பார்த்திருக்கிறார்.

“நல்ல நேரத்துல வந்தீங்க, மிஸ்டர் ஸ்ட்ராட்,” என்றார் டூலி. “காலையில நீங்க எழுதினதைப் பார்த்துட்டுத்தான் தேடினேன். கட்டணம்னு இந்தப் பொண்ணு பேர்ல ஒண்ணும் வரலை. நாலு வருஷமா விலாசம் இந்த வீடு. உங்க வீடு. ஒரே ஒரு கேள்வி சார். இந்தப் பொண்ணு இங்கதான் குடியிருக்கா?”

வெண்டெல் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். நோரீனைப் பார்த்தார். நோரீன் பார்வையை விலக்கவில்லை. மன்னிப்புக் கேட்கிற நேரமில்லை அது. மகளைக் காட்டிக்கொடுத்துவிடாதே என்று மட்டும்தான் அந்தக் கண்ணில் இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் மெச்சினதும், காலையில் ஊருக்கே எழுதினதும் சேர்ந்து முகத்தில் அறைந்திருக்கும். கழுத்து சிவந்து போயிற்று.

டெஸ்ஸா பையின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆமா,” என்றார் வெண்டெல். “மாடியில இருக்கிற ரூம் அவளோடது.”

“காலையில வேற மாதிரி எழுதியிருந்தீங்களே, சார்.”

“தப்பா எழுதிட்டேன்.”

வெண்டெல் ஸ்ட்ராட் வாயிலிருந்து அந்த வார்த்தையை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

“வாரிய உறுப்பினர் சொன்னா எனக்குச் சரி,” என்றார் டூலி. “ ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. பட்டமளிப்புக்குள்ள ஏதாவது ரெண்டு மூணு நாள் விடியக் காலையில இந்தத் தெருவுல வந்து உட்காருவேன். பொண்ணு எந்த வீட்டுலேருந்து ஸ்கூலுக்குக் கிளம்புதுன்னு பார்க்கணும். எந்த நாள்னு சொல்ல மாட்டேன்.”

காபிக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. பாலெட்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“வெண்டெல், நான்தான்...”

“உன்கிட்ட அப்புறம் பேசறேன்.” நோரீன் பக்கம் திரும்பினார். குரல் உயரவே இல்லை. “நான் பொய் சொல்றவன் இல்ல. அதனால சொன்னதை நிஜமாக்கணும். இன்னிக்கு ராத்திரியிலேருந்து பட்டமளிப்பு வரைக்கும் டெஸ்ஸா இங்கதான் தூங்குவா. ஒரு ராத்திரிகூட அங்க கிடையாது. நீ வரலாம், எங்ககூட சாப்பிடலாம். தூங்குறதும் எழுந்திரிக்கிறதும் இங்க.”

“மூணு வாரம்தான் எனக்கு மிச்சம் இருக்கு, வெண்டெல்.”

“நாலு வருஷம் எடுத்துக்கிட்டியே, நோரீன்.”

அவளுக்குச் சுள்ளென்று இருந்தது. திருப்பிக் கொடுக்க அவளிடமும் வார்த்தை இருந்தது. பக்கத்தில் மகள் நிற்கிறாள், தீர்மானத்தைக் கையில் வைத்திருக்கிற மனுஷன் எதிரில் நிற்கிறார். விழுங்கிக்கொண்டாள்.

“அப்ப சாயங்காலத் தீர்மானம்?” என்றாள்.

“கொண்டுவரத்தான் போறேன். அது சரியான தீர்மானம். அதுல என்ன மாத்தம்?” கோட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

டெஸ்ஸா அம்மாவின் தோளில் சாய்ந்தாள். “மூணு வாரம்தானேம்மா. போயிடும்.”

மூன்று வாரம் போய்விடும் என்பதுதான் நோரீனின் வருத்தமே. அதை மகளிடம் சொல்லவில்லை.

டன்மில்லுக்குத் திரும்பி மகளின் தலையணை, மூச்சிரைப்பு மருந்து, ஓடுகிற காலணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டாள். இன்று ராத்திரிக்கென்று ஊறவைத்திருந்த கோழியை எடுத்துக் குளிர்பெட்டியின் உறைபனித் தட்டில் வைத்தாள். கிளம்பும்போது க்வென்னிடமிருந்து செய்தி வந்தது. ‘ஊர்ப் பக்கத்தைப் பார்த்தியா? இது நான் இல்ல, சத்தியமா.’

புதுப் படம் ஏறியிருந்தது. பைஜாமாவில் ஒரு பெண் பலகையைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். முகம் தெளிவாகத் தெரிந்தது. போட்டவர் வாரியத்தில் வெண்டெலுக்கு எதிர்வரிசையில் உட்காருகிற உறுப்பினர். கீழே ஒரே வரி எழுதியிருந்தார்: ‘இதே பலகை மத்தியானம் யார் வீட்டுப் புல்வெளிக்குக் குடிபோனது? ஆறு மணிக் கூட்டத்தில் கேட்கிறேன்.’

அவள் லார்க்ஸ்பர் சந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெண்டெலின் கார் இல்லை. பாலெட்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். வெண்டெலுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கூட்டத்துக்குப் போனால் போனை அணைத்துவிடுகிற ஆள் அவர்.

படியேறிக் கதவருகே நின்றாள். எண் பொத்தான்கள் வரிசையாக இருந்தன. மணியை அடித்தாள்.

டெஸ்ஸா திறந்தாள். வீட்டுச் செருப்பு போட்டிருந்தாள். பையை வாங்கித் தலையணையை எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

“உள்ள வாம்மா. அவங்க வர்றதுக்கு நேரமாகும்.”

“வேணாம். காலையில சீக்கிரம் வேலை.” படத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இந்தப் பெண் நிம்மதியாக இருக்கட்டும். “நாளைக்கு சாயங்காலம் வரேன். கதவு நம்பரைச் சொல்லு, மணி அடிக்காம நானே திறந்துட்டு வரேன்.”

டெஸ்ஸா தயங்கினாள்.

“பெரியப்பா இப்பத்தான் சொல்லிக் கொடுத்தார். இந்த வீட்டுல இருக்கிறவங்க தவிர வேற யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்மா.”

“சரி,” என்றாள் நோரீன். “சொல்லாத. அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

மகளின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது, பூட்டு தானாக விழுகிற சத்தம் கேட்டது. புல்வெளியில் பலகை கொஞ்சம் சாய்ந்திருந்தது. குனிந்து அதை நேராக நிமிர்த்திவிட்டு, காருக்குப் போனாள்.